வெட்டிய அன்னாசியை உயர் அமுக்கத்தினாற் பாதுகாத்தல்

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரரிற் பலர் தோட்டத்தின் ஒரு புறத்தில் அன்னாசியும் நட்டிருப்பர். முழுப்பழம் சில நாட்கள் கெடாதிருக்கும். தோல் சீவித் துண்டாக்கியதும் சாறு கசிந்து, மதுவங்களும் பற்றீரியங்களும் விரைவிற் பெருகுகின்றன. கொதிக்கவைத்துத் தகரத்தில் அடைத்தால் நெடுநாள் இருக்கும். ஆனால் புதுப்பழத்தின் மணம் போய்விடும்.

வெப்பமின்றி நுண்ணங்கிகளைக் கொல்வதற்கு உயர் அமுக்க முறை உதவுகிறது. 1899ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வேர்ச்சீனியாவில் பேட் ஹைட் என்பார் பாலைக்கொண்டு இதனை ஆராய்ந்தார். 1990இல் யப்பானில் இம்முறையாற் செய்த பழ ஜாம் விற்பனைக்கு வந்தது.

பழத்துண்டுகளை நெகிழக்கூடிய பைகளிலிட்டு, வளியகற்றி மூடி, தடித்த உருக்குக் கலத்தினுள் வைப்பர். கலத்தை நீரால் நிரப்பி, வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஏறக்குறைய 4,000 முதல் 6,000 மடங்கு வரை அமுக்கிச் சில நிமிடங்கள் வைத்திருப்பர். பழம் நசுங்காதோ என ஐயுறலாம். ஆழ்கிணற்றில் வாழும் மீன் நசுங்குவதில்லை; நீர் எல்லாப் பக்கங்களிலும் ஒரே அளவாக அமுக்குவதே காரணம். ஆயினும் சதையிலுள்ள வளியிடங்கள் ஒடுங்குவதால் துண்டுகள் சற்று மென்மையடைந்து கண்ணாடிபோலத் தோன்றும்.

இம்முறைக்கும் எல்லையுண்டு. பற்றீரியங்களின் வித்திகள் இவ்வமுக்கத்தால் அழிவதில்லை. அவற்றுள் ஒருவகை, வளியற்ற பையினுள் முளைத்துக் கொடிய நஞ்சை உண்டாக்கவல்லது. பி.எச். பெறுமானம் 4.6இலும் குறைந்த புளிப்பில் அது முளையாது. அன்னாசி பெரும்பாலும் 4இலும் குறைந்த புளிப்புடையது. ஆகவே இம்முறைக்கு ஏற்றது. பப்பாசியும் பலாச்சுளையும் அவ்வாறல்ல. அவற்றுக்குத் தேசிக்காய்ச்சாறு போன்ற புளிப்பைப் போதிய அளவு சேர்த்தல் வேண்டும். நிறத்தை மாற்றும் நொதியங்களும் முற்றாக அழியாமையால், எப்பழமாயினும் 5 பாகை சதமத்துக்கு மேற்படாத குளிரில் வைத்தே விற்கப்படல் வேண்டும்.

இவ்வியந்திரம் மிக்க விலையுடையது. தனியொரு கமக்காரர் வாங்கத்தக்கதன்று. தொழிற்சாலைக்குப் பழம் கொடுப்போர் கவனிக்கவேண்டியவை தோட்டத்திலேயே உள்ளன. முற்றிய, அடிபடாத பழத்தையே கொய்க. மண்ணிற் குவித்து வையாது, தூய கூடைகளில் இடுக. பூச்சிமருந்தின் எச்சத்தை எவ்வமுக்கமும் நீக்காது; ஆதலால் மருந்துக் குப்பியிற் குறித்த நாட்கள் கழிந்தபின்னரே அறுவடை செய்க.

வீட்டிற் பொலித்தீன் பையில் வளியகற்றி மூடுதலை இம்முறையெனக் கருதற்க. வெட்டிய பழத்தை அவ்வாறு மூடி வெளியே வையாது, அன்றே உண்க.