மடியில் 8 கிலோ, மோதலில் 180 கிலோ

மாணவர்களே, தீபாவளிக்குத் தாத்தா பாட்டி வீட்டுக்குப் புறப்பட்ட காரை நினைத்துப் பாருங்கள். பின்னிருக்கையில் நீங்கள், பக்கத்தில் அம்மா, அவர் மடியில் 8 கிலோ எடையுள்ள தம்பிப் பாப்பா. "குழந்தைக்குத் தனி இருக்கை எதற்கு? நான்தான் கெட்டியாகப் பிடித்திருக்கிறேனே" என்கிறார் அம்மா. அந்தப் பிடி எவ்வளவு தாங்கும்? படிவம் 4 இயற்பியலைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம்.

காரின் வேகம் மணிக்கு 54 கிலோமீட்டர் என்று கொள்வோம். நெடுஞ்சாலையில் யாரும் இவ்வளவு மெதுவாகப் போவதில்லை; கணக்கு எளிதாக வரும் என்பதால் எடுத்துக்கொண்டேன். 54ஐ 3.6ஆல் வகுத்தால் நொடிக்கு 15 மீட்டர். காருக்குள் தம்பி அசையாமல் தூங்குவதுபோல் தெரிந்தாலும், சாலையைப் பொறுத்தவரை அவனும் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறான்.

இப்போது கார் எதன்மீதோ மோதுகிறது. முன்பகுதி நசுங்கி, அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது. காரை நிறுத்த ஒரு விசை கிடைத்தது. தம்பியை நிறுத்த? புறவிசை ஒன்று தடுக்காதவரை, நகரும் பொருள் அதே வேகத்தில் நேர்க்கோட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும். இதுவே நிலைமம், நியூட்டனின் முதல் விதி. "குழந்தை தூக்கி எறியப்பட்டது" என்று செய்திகளில் படிக்கிறோம். உண்மையில் யாரும் எறியவில்லை. கார் நின்றது, குழந்தை நிற்கவில்லை, அவ்வளவுதான்.

காரோடு சேர்ந்து அவனும் நிற்கவேண்டுமானால், அம்மாவின் கைகள்தான் அந்த விசையைக் கொடுக்கவேண்டும். v² = u² + 2as என்ற சூத்திரத்தில் v = 0, u = 15, s = 0.5 என்று இட்டால், வேகத்தளர்ச்சி 225 மீ/வி². இதை 8 கிலோவால் பெருக்குங்கள்: 1,800 நியூட்டன். ஏறத்தாழ 180 கிலோ மூட்டையைத் தாங்கும் விசை! பளுதூக்கும் வீரர்களாவது மூச்சை இழுத்துத் தயாராகித் தூக்குவார்கள். இங்கே எல்லாம் முடிந்துபோக ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் போதும். அம்மா இருக்கை வார் அணியாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அவரும் முன்னே பாய்வார். முன்னிருக்கைக்கும் அவர் உடலுக்கும் நடுவே தம்பி நசுங்குவான். ஒரே வாரை இருவருக்கும் சேர்த்துப் போடுவதும் ஆபத்தே. அம்மாவின் எடை முழுவதும் அவனை வாரோடு அழுத்தும்.

அப்படியானால் வார் என்னதான் செய்கிறது? ஒரு முட்டையைச் சுவரில் எறிந்தால் உடையும். இருவர் தளர்வாகப் பிடித்த போர்வையில், அதே வேகத்தில் எறிந்தால் உடையாது. (வீட்டில் செய்து பாருங்கள், அடியில் போர்வையைச் சற்று மடித்துப் பிடியுங்கள், இல்லாவிட்டால் முட்டை தரையில் விழும்!) போர்வை பின்வாங்கி, முட்டை நிற்கும் தூரத்தைக் கூட்டுகிறது. வார் அணிந்தவர் கார் நசுங்கும் அந்த அரை மீட்டரையும் பயன்படுத்தி நிற்கிறார். அணியாதவர் முழு வேகத்தில் முன்னிருக்கையில் மோதி, 5 சென்டிமீட்டருக்குள் நிற்க நேரிடலாம். தூரம் பத்தில் ஒரு பங்கு. எனவே விசை பத்து மடங்கு.

மலேசியாவில் பின்னிருக்கை வார் 2009 முதலும் குழந்தைகளுக்கான தனி இருக்கை 2020 முதலும் கட்டாயம்.

உங்கள் வீட்டுக் குழந்தையின் எடையை 22.5ஆல் பெருக்குங்கள். மேலே கண்ட மோதலில் அம்மா எத்தனை கிலோவைப் பிடிக்கவேண்டியிருக்கும் என்பது தெரியும். பிறகு வேகத்தை 108 ஆக்கி, அதே அரை மீட்டருக்கு மீண்டும் கணக்கிடுங்கள். விடை இரு மடங்கா, நான்கு மடங்கா?