கடைக் கணினியில் யாருக்கு எவ்வளவு அனுமதி? சூடோவுக்குப் பத்துக் குறிப்புகள்

பினாங்கு லெபோ பசாரில் துணிக்கடையோ பாயான் லெப்பாசில் சிறு அலுவலகமோ, லினக்ஸ் கணினி ஓடும் இடத்தில் எல்லா அனுமதியும் தரும் 'ரூட்' கடவுச்சொல்லை ஆளாளுக்குச் சொல்லிவைப்பது, சாவிக்கொத்தைக் கல்லாமேல் போட்டுவிட்டுப் போவதுதான். ஒருவருக்கு வேண்டிய வேலையை மட்டும் திறந்துவிடத்தான் சூடோ இருக்கிறது. 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோவில் பாப் காகஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதியது. 1990களிலிருந்து டாட் மில்லர் கவனித்துவருகிறார்.

1. முதலில் ஒரு தாளில் யாருக்கு என்ன தேவை என்று எழுதுங்கள். கேஷியருக்குப் பிரிண்டர் நின்றால் மறுபடி ஓடவிட முடிந்தால் போதும். கணக்குப்பிள்ளைக்கு பேக்கப் எடுக்க வேண்டும். அதற்குமேல் கொடுக்காதீர்கள்.

2. சூடோவின் விதிகள் இருக்கும் சூடோயர்ஸ் கோப்பை 'விசூடோ' வழியாக மட்டுமே திருத்துங்கள். பிழை இருந்தால் சேமிக்கும் முன்பே அது சொல்லிவிடும். திருத்தும்போது இன்னொரு டெர்மினலில் ரூட்டாக நுழைந்தே இருங்கள். புது விதி வேலை செய்கிறது என்று பார்த்த பிறகு மூடுங்கள்.

3. ஒரு விதியில் நான்கு செய்திகள்: யார், எந்தக் கணினியில், யாராக, எந்தக் கட்டளை. பிரிண்டர் விதி இப்படி வரும்: 'கேஷியர் ஆல்=(ரூட்) /யூஎஸ்ஆர்/பின்/சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் கப்ஸ்'. கடைசி இரண்டு சொற்களை விட்டுவிட்டால், கேஷியர் எந்தச் சேவையையும் நிறுத்தலாம், கணினியையே அணைக்கலாம்.

4. நட்சத்திரக் குறியை நம்பாதீர்கள். 'கேட் /வார்/லாக்/*' என்று எழுதினால் லாக் கோப்புகள் மட்டும்தான் என்று தோன்றும். அந்தக் குறி இடைவெளியையும் ஏற்கும். லாக் பெயருக்குப் பின்னால் கடவுச்சொல் கோப்பின் பெயரையும் சேர்த்து அடித்தால் அதுவும் திறந்துகொள்ளும்.

5. விஐ போன்ற எடிட்டரை சூடோவில் அனுமதித்தால், அதற்குள்ளிருந்தே ரூட் ஷெல்லுக்குப் போய்விடலாம். கோப்பைத் திருத்தத்தான் வேண்டும் என்றால் 'சூடோஎடிட்' கொடுங்கள். அது நகலை அவரவர் பெயரில் திறந்து, முடிந்ததும் உரிய இடத்தில் வைக்கும்.

6. 'இதைத் தவிர எல்லாம்' என்று விதி எழுத வேண்டாம். ரூட்டைத் தவிர யாராகவும் இயங்கலாம் என்ற விதியை, பயனர் எண்ணாக மைனஸ் ஒன்று கொடுத்தே தாண்டிவிடலாம் என்று 2019இல் தெரியவந்தது. 1.8.28 பதிப்பில் அடைத்தார்கள். கொடுப்பதை மட்டும் பெயர் சொல்லிக் கொடுப்பதே பத்திரம்.

7. பல விதிகள் பொருந்தினால் கடைசியாக வருவதுதான் செல்லும். பொது விதியை மேலேயும் தனி விதியைக் கீழேயும் வையுங்கள்.

8. சூடோயர்ஸ்.டி கோப்புறையில் ஆளுக்கொரு கோப்பு வைத்தால் நீக்குவது சுலபம். கோப்பின் பெயரில் புள்ளி வேண்டாம், 'கேஷியர்.கான்ஃப்' என்று வைத்தால் சூடோ ஒன்றும் சொல்லாமல் அதைத் தாண்டிப் போய்விடும்.

9. தீபாவளி விற்பனைக்கும் தண்ணீர்மலைத் தைப்பூசத்துக்கும் கூடுதல் ஆள் சேர்க்கிறீர்களா? விதியில் 'நாட்ஆஃப்டர்' சேர்த்து முடிவு நேரம் குறித்துவிடுங்கள். நேரத்தின் கடைசியில் 'இசட்' போட்டால் அது உலகப் பொது நேரம். நள்ளிரவு என்று எழுதினாலும் பினாங்கில் காலை 8 மணிவரை அனுமதி இருக்கும். நம் நேரமே வேண்டுமென்றால் +0800 என்று எழுதுங்கள்.

10. சூடோவைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். குறிப்பிட்ட கணினிக்கு மட்டும் என்று எழுதிய விதியை வேறு கணினியிலும் செல்லவைக்கும் ஓட்டை ஒன்று பன்னிரண்டு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. 2025 ஜூன் மாதம் 1.9.17பி1 பதிப்பில்தான் அடைபட்டது. விதியை நீங்கள் சரியாக எழுதியிருந்தாலும் மென்பொருள் பழையதாக இருந்தால் பயனில்லை.

மாதம் ஒருமுறை 'சூடோ -எல்' கட்டளையோடு பெரிய 'யூ' சேர்த்து, ஒவ்வொருவர் பெயருக்கும் என்ன அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். வேலையை விட்டுப் போனவர் பெயர் இன்னும் இருந்தால், அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.