வீட்டுத் தோட்டத்தில் மாதுளை

நெல்லும் மரக்கறியும் செய்கைபண்ணும் கமக்காரரின் உழைப்பு முழுவதும் வயலிலும் தோட்டத்திலுமே கழிந்துவிடுகின்றது. வீட்டு வளவைக் கவனிக்க அவர்களுக்கு நேரம் கிடைப்பது அரிது. ஆதலால், வளவில் வைக்கும் செடிகள் குறைந்த கவனிப்புடன் பயன் தருவனவாக இருத்தல் வேண்டும். உலர் வலயத்து வளவுகளுக்கு இவ்வகையிற் பொருத்தமான செடிகளுள் மாதுளை சிறந்தது.

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கிழக்குக் கரையோரத்திலும் கிணற்றடியிலோ வேலியோரத்திலோ ஒரு மாதுளை நிற்பதைப் பல வீடுகளிற் காணலாம். ஆனால், அவற்றுட் பல மீண்டும் மீண்டும் பூத்தும் வீட்டாருக்கு நல்ல பழம் ஒன்றேனும் கொடுப்பதில்லை. பூக்கள் உதிர்கின்றன, தப்பிய காய் துளைபட்டு அழுகுகின்றது, அதற்கும் தப்பிய காய் வெடித்துவிடுகின்றது. வீட்டிற் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாற் கடையிற் காசு கொடுத்து மாதுளம்பழம் வாங்க வேண்டியதாகின்றது. ஈற்றில், இம்மரம் உதவாது என்று அதனைத் தறித்துவிடுவோரும் உளர்.

இக்குறைகளுக்கு மரம் பொறுப்பன்று. மாதுளை கவனிப்பின்றி உயிர் வாழும். ஆனால், கவனிப்பின்றி நல்ல பழம் தராது. அது வேண்டுவது சிறிதே. அச்சிறிதை உரிய வேளையிற் செய்தல் வேண்டும்.

மண்ணும் இடமும்

மாதுளையின் தாயகம் ஈரான் முதல் வட இந்தியா வரையுள்ள வறண்ட நிலப்பகுதியாகும். ஆகவே, வெயிலையும் வறட்சியையும் அது நன்கு தாங்கும். சுண்ணாம்புக் கற்பாறை மேலுள்ள செம்மண்ணிலும், சிறிது உவர்த்தன்மையுள்ள நிலத்திலும் வளரும். அது தாங்காதது நீர் தேங்குதலையே. மாரியில் வெள்ளம் நிற்கும் தாழ்ந்த இடத்தைத் தவிர்த்தல் வேண்டும். வேறிடம் இல்லையாயின், மண்ணை ஓரடி உயர்த்தி மேடாக்கி நடுதல் நன்று.

நாள் முழுவதும் வெயில் படும் இடத்தைத் தெரிந்துகொள்க. மா, பலா ஆகியவற்றின் நிழலில் நிற்கும் மாதுளை இலை தழைத்து வளருமேயன்றி நன்கு காய்க்காது. காய் முற்றும் பருவத்தில் வறண்ட காற்றும் வெயிலும் இருந்தாற் பழம் இனிக்கும். ஈர வலயத்தில் இச்செடி நன்கு பயனளிக்காமைக்கு இதுவே காரணமாகும்.

நடுகைப்பொருள்

வித்திலிருந்து முளைக்கும் செடி தாய்மரத்தின் குணத்தை அப்படியே கொண்டிருப்பதில்லை, காய்க்கவும் நாட்செல்லும். நன்றாகக் காய்க்கும் மரத்திலிருந்து தண்டுத் துண்டுகளை எடுத்து நடுதலே சிறந்தது. ஓராண்டு முதிர்ந்த, பென்சில் அளவு தடிப்புள்ள கிளையை எட்டு முதற் பத்து அங்குல நீளமான துண்டுகளாக வெட்டி, மூன்றில் இரு பங்கு மண்ணுள் இருக்கும்படி நிழலில் நடுக. மண் என்றும் ஈரமாக இருத்தல் வேண்டும், சேறாகுதல் ஆகாது. துண்டுகள் எல்லாம் வேர்விடுவதில்லை. ஆதலால், ஒரு செடி வேண்டுவோர் ஐந்தாறு துண்டுகளையேனும் நடுவாராக. மாரி காலத்திற் பதிவைத்தும் கன்று பெறலாம். நல்ல தாய்மரம் கிடையாதவிடத்து, திணைக்களம் சிபாரிசு செய்யும் இனக் கன்றுகளைப் பற்றிக் கமநல சேவை நிலையத்திற் கேட்டறிந்து கொள்க.

நடுதல்

இரண்டடி நீளமும் அகலமும் ஆழமும் உள்ள குழியை மழைக்கு முன்னரே வெட்டி ஆறவிடுக. மேல்மண்ணுடன் நன்கு மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெருவைக் கலந்து நிரப்பி, ஐப்பசியில் மழை தொடங்கியதும் கன்றை நடுக. இரு செடிகளுக்கிடையிலும், செடிக்கும் சுவருக்கும் இடையிலும் பத்து அடிக்குக் குறையாத இடைவெளி இருத்தல் நன்று. முதலாண்டு ஆடும் மாடும் கடியாதவாறு கிடுகினாலோ முட்கிளையினாலோ காவலிடுதல் வேண்டும்.

முதலிரண்டு ஆண்டுகளில் வரும் பூக்களைக் கிள்ளிவிடுக. இளஞ்செடி காய்க்கத் தொடங்கினால் அதன் வளர்ச்சி குன்றும். மூன்றாம் ஆண்டு முதற் காய்க்க விடலாம்.

கத்தரித்தல்

மாதுளை அடியிலிருந்து ஓயாது பக்கக் கன்றுகளை விடும் இயல்புடையது. அவற்றை விட்டுவிட்டால் வளவில் ஒரு பற்றை உண்டாகுமேயன்றிப் பழம் உண்டாகாது. திடமான மூன்று அல்லது நான்கு தண்டுகளை மாத்திரம் நிறுத்தி, ஏனையவற்றை அடியோடு நீக்குக. நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரம் வரை பக்கக் கிளைகள் இராதிருத்தல் நன்று.

மாதுளை முதிர்ந்த கிளைகளில் உள்ள குட்டையான சிறுகிளைகளிற் காய்ப்பது. அவை மூன்று நான்கு ஆண்டுகள் வரை பயன் தரும். ஆதலால், கிளைகளின் நுனிகளை எல்லாம் மொட்டையாக வெட்டுதல் தவறு. பழம் பறித்து முடிந்தபின் பட்ட கிளை, நோயுற்ற கிளை, ஒன்றையொன்று உராயும் கிளை ஆகியவற்றை மாத்திரம் நீக்கினாற் போதும்.

நீரும் பசளையும்

காய்கள் வெடித்தற்கு முதன்மையான காரணம் ஒழுங்கற்ற நீர்ப்பாய்ச்சலாகும். நெடுநாள் காய்ந்து கிடந்த செடியின் காய்த்தோல் இறுகிவிடுகின்றது. பின்னர் ஒரே நாளில் மிகுந்த நீர் கிடைத்ததும் உள்ளேயுள்ள மணிகள் விரைந்து பருக்கின்றன. இறுகிய தோல் அதற்கு இடங்கொடாது பிளக்கின்றது. பூ வந்தது முதற் காய் பறிக்கும் வரை, மழையில்லாக் காலத்தில் வாரம் ஒருமுறையேனும், மணற்பாங்கான நிலத்தில் அதனினும் கிட்டக்கிட்டவும், தவறாது நீர் விடுதல் வேண்டும். அதிகமாக விடுதலிலும் ஒரே சீராக விடுதலே முக்கியம்.

கிணற்றடியிற் குளிக்கும் நீரைச் சிறு வாய்க்கால் மூலம் செடியின் பாத்திக்குத் திருப்பலாம். ஆனால், உடுப்புத் தோய்த்த சவர்க்கார நீரை நாள்தோறும் விடுதல் தகாது. பாத்தியில் வைக்கோல், காய்ந்த இலை, தேங்காய் மட்டை ஆகியவற்றைப் பரப்பினால் ஈரம் நிலைக்கும். இவை தண்டில் முட்டாமல் அரையடி தள்ளி இருத்தல் வேண்டும்.

மாரித் தொடக்கத்தில் இளஞ்செடிக்குப் பத்துக் கிலோகிராமும், வளர்ந்த செடிக்கு இருபது முதல் இருபத்தைந்து கிலோகிராமும் மக்கிய எரு இட்டு மண்ணுடன் கொத்திக் கலந்துவிடுக.

பூ உதிர்தல்

மாதுளையில் இருவகைப் பூக்கள் உண்டு. அடிப்பாகம் பருத்துக் குடம் போன்றிருப்பது காய்க்கும் பூ. அடி ஒடுங்கி மணி போன்றிருப்பது ஆண்பூ. அது உதிர்ந்தே தீரும். எனவே, செடியின் கீழ் உதிர்ந்து கிடக்கும் பூக்களைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. உதிர்ந்தவற்றைக் கையிலெடுத்து நோக்கினால் அவற்றுட் பெரும்பாலானவை ஒடுங்கிய பூக்களாக இருத்தலைக் காணலாம். குடம் போன்ற பூக்களும் மிகுதியாக உதிருமாயின், நீர்க்குறையையோ நிழலையோ காரணமாகக் கொள்ளலாம்.

காய் துளைக்கும் புழு

மாதுளைக்குப் பெருஞ்சேதம் விளைப்பது இப்புழுவே. நீலமும் கபிலமும் கொண்ட சிறு வண்ணத்துப்பூச்சி ஒன்று பூவிலும் பிஞ்சிலும் முட்டையிடுகின்றது. வெளிவரும் புழு காயைத் துளைத்து உட்சென்று மணிகளைத் தின்கின்றது. துளையின் வாயிற் புழுவின் எச்சம் காணப்படும். பின்னர் அத்துளை வழியே அழுகலும் புகுந்து, காய் துர்நாற்றத்துடன் விழுகின்றது. இப்பூச்சி கொய்யாவையும் தாக்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். மிளகாய்க்கும் வெங்காயத்திற்கும் தெளித்து எஞ்சிய பூச்சிநாசினியை மாலையில் வீட்டு மாதுளைக்கும் தெளித்துவிடுவோர் சிலர் உளர். இது பயனற்றது, ஆபத்தானதும் ஆகும். காயினுள் இருக்கும் புழுவை மேலே தெளித்த மருந்து எட்டுவதில்லை. பூக்களைக் காய்க்கச் செய்ய உதவும் தேனீக்கள் மடிகின்றன. வளவில் விளையாடும் பிள்ளைகளோ மருந்து தெளித்த நாளை எண்ணிப் பார்த்துக் காய் பறிப்பதில்லை.

புழுவைத் தடுக்கும் எளிய வழி உறையிடுதலாகும். பிஞ்சு தேசிக்காய் அளவு பருத்ததும், அதன் முடியில் ஒட்டியுள்ள வாடிய பூப்பகுதிகளை நீக்கி, துளை இல்லை என்று கண்டபின், கடதாசிப் பையினாலோ பழைய பருத்திச் சேலைத் துணியினாலோ மூடிக் காம்பிற் கட்டுக. பொலித்தீன் உறையினுள் ஈரம் தங்கிக் காய் அழுகக்கூடும். ஒரே கொத்தில் இரண்டு மூன்று பிஞ்சுகள் இருப்பின் நல்லதொன்றை விட்டு மற்றவற்றைக் கிள்ளுக. உறையிட்ட காயை அணிலும் கிளியும் எளிதில் அணுகுவதில்லை. துளைபட்ட காய்களைச் செடியின் கீழ் விட்டுவைத்தலாகாது. உள்ளிருக்கும் புழு வண்ணத்துப்பூச்சியாகி அடுத்த பூக்களை நாடும். அவற்றைத் திரட்டி ஆழப் புதைத்தல் வேண்டும். ஒரு மரத்தின் காய்களுக்கு உறை கட்ட ஒரு மாலைப்பொழுது போதும். வீட்டிலுள்ள பிள்ளைகளே இதனைச் செய்துவிடுவர்.

பறித்தல்

பூத்ததிலிருந்து ஐந்து முதல் ஆறு மாதங்களிற் காய் முற்றும். தோலின் பளபளப்பு மங்குதலும், உருண்டையாக இருந்த பக்கங்கள் சிறிது தட்டையாதலும், முடியின் இதழ்கள் உள்நோக்கி வளைதலும், விரலாற் சுண்டினால் உலோகம் போன்ற ஒலி எழுதலும் முற்றியமைக்கு அறிகுறிகளாகும். மாதுளை பறித்தபின் இனிப்பு ஏறுவதில்லை. ஆகவே, முற்றுமுன் பறித்தல் தகாது. இழுத்துப் பறியாது, சிறு காம்புடன் கத்தரிக்கோலால் வெட்டுக. தடித்த தோலுடையதாதலால், காயமற்ற பழம் குளிர்ந்த, காற்றோட்டமான இடத்திற் பல நாட்கள் கெடாதிருக்கும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. வெயிலும் வடிகாலும் உள்ள இடத்தில் நடுக.
2. மூன்று நான்கு தண்டுகளுக்கு மேல் விடாதிருக்க.
3. பூ முதற் பழம் வரை ஒரே சீராக நீர் விடுக.
4. தேசிக்காய் அளவிற் பிஞ்சுகளுக்கு உறையிடுக.
5. துளைபட்ட காய்களை உடனே புதைத்துவிடுக.
6. தோட்டத்துப் பூச்சிநாசினியை வீட்டு மாதுளைக்குத் தெளியாதிருக்க.

வளவிற் காய்க்காத மாதுளை நிற்குமாயின், அதனைத் தறிக்குமுன் ஓராண்டிற்கு இவற்றைச் செய்து பார்ப்பாராக. அதன் பின்னரும் குறை நீங்காவிடின், அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு கிளையையும் ஒரு காயையும் கொண்டுசென்று காட்டி ஆலோசனை பெறலாம்.