சுக்கான் பிடிக்கச் சான்றிதழ் வேண்டும். சாரதியில்லா வண்டியைச் சமைக்க?

கேள்வி: வக்கீல் ஐயா, கும்பளங்கிக் காயலில் முப்பது வருஷம் படகோட்டி ஓய்ந்த ஸ்ராங்கு நான். பரீட்சை கொடுத்துச் சான்றிதழ் வாங்கிய பிறகே என்னைச் சுக்கான் பிடிக்க விட்டார்கள். சென்ற வருஷம் வீட்டுக்கு மாடி எடுத்தபோதும், பதிவுபெற்ற எஞ்சினியர் கையெழுத்திட்ட பிளான் இல்லாமல் பஞ்சாயத்து ஆபீஸில் வாங்கவில்லை. என் மகன் எஞ்சினியரிங் முடித்து, டிரைவர் இல்லாமல் ஓடும் வண்டிக்கு மென்பொருள் எழுதுகிறான்; அவனிடம் ஒரு லைசென்ஸும் கேட்கவில்லை. போன வாரம், முழுதும் சோதிக்காத பிரேக் பகுதிக்கு ‘பாதுகாப்புச் சோதனை முடிந்தது’ என்று கையெழுத்துப் போடச் சொன்னார்களாம். அன்றிரவு சாப்பாட்டை அளைந்தபடியே உட்கார்ந்திருந்தான். லைசென்ஸ் இல்லாமல் அவன் இந்த வேலை செய்வது குற்றமா? விபத்து நேர்ந்தால் அவன் தலையில் விழுமா?
— கும்பளங்கி வாசகர்

பதில்: குற்றமல்ல, அந்த மட்டில் தாங்கள் நிம்மதியாக இருக்கலாம். கணக்காயருக்கு 1949-லும், வழக்கறிஞருக்கு 1961-லும், கட்டடக் கலைஞருக்கு 1972-லும் தனித்தனியே சட்டம் இயற்றிய நம் பாராளுமன்றம், எஞ்சினியர் என்னும் பெரும் வர்க்கத்துக்கு அகில இந்திய அளவில் அப்படியொரு சட்டத்தை இன்றளவும் இயற்றவில்லை. 1920-ல் தோன்றி 1935-ல் அரச சாசனம் பெற்ற இந்திய எஞ்சினியர்கள் நிறுவனம் ‘சார்ட்டர்டு எஞ்சினியர்’ என்ற அந்தஸ்தை அளிக்கிறதென்றாலும், அது விரும்பினவர் பெறும் கௌரவமேயன்றித் தொழில் செய்வதற்கான அனுமதியன்று. தங்கள் மாடிக்குத் தேவைப்பட்ட கையெழுத்து கட்டட விதிகளிலிருந்து பிறந்தது. அதன் அதிகாரம் செங்கல்லோடும் சிமெண்டோடும் முடிகிறது. தங்கள் சான்றிதழோ 1917-ஆம் வருஷத்து உள்நாட்டுக் கலங்கள் சட்டத்திலிருந்து வந்தது. அதன் இடத்தில் இப்போது 2021-ஆம் வருஷத்துச் சட்டம் நிற்கிறது.

சாலையைப் பொறுத்தவரை, 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் வண்டியோட்டியின் லைசென்ஸைக் கேட்கிறது. புதிய மாதிரி வண்டியைப் புனே, மானேசர், ஒரகடம் போன்ற இடங்களிலுள்ள சோதனை நிலையங்களுக்கு அனுப்பிப் பரிசீலிக்கிறது. ஆனால் அவ்விரண்டுக்கும் நடுவே நின்று, வண்டியோட்டியின் கண்ணையும் காலையும் யந்திரத்துக்குள் எழுதிவைக்கும் மனிதன் யார், அவன் யோக்கியதை என்ன என்று அது கேட்பதில்லை. வண்டியோட்டி என்றொருவர் இருப்பார் என்ற அனுமானத்தின்மீது எழுப்பப்பட்ட சட்டம் அது. ஆராய்ச்சிக்காகச் சிலவகை வாகனங்களுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை 2019-ஆம் வருஷத் திருத்தம் 2பி பிரிவின் மூலம் மத்திய சர்க்காருக்குத் தந்திருக்கிறது, ஹைதராபாத் ஐ.ஐ.டி.யின் வளாகத்தில் 2022-ல் திறக்கப்பட்டதைப் போன்ற தனிச் சோதனைக் களங்களும் உண்டு. ஆகவே மகனின் வண்டி வேலிக்குள் ஓடுகிறதா, பொதுச் சாலையில் ஓடுகிறதா, சாலையென்றால் எந்த அனுமதியின் பேரில் என்பதை முதலில் கேட்டறியுங்கள்.

இனி, தங்கள் நெஞ்சை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். லைசென்ஸ் இல்லை என்பதனால் பொறுப்பும் இல்லையென்று ஆகிவிடாது. நஷ்ட ஈட்டைப் பொறுத்தமட்டில், 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வடிவமைப்பில் உள்ள குறைக்கு உற்பத்தியாளரே பதில் சொல்லவேண்டும். ஊழியர் வேலையினிடையே செய்த பிழைக்கு முதலாளியே ஈடு கட்டவேண்டும் என்பதும் பழைய நியாயம். கிரிமினல் வழக்கு வேறு. அஜாக்கிரதையால் உயிர்ச்சேதம் விளைவிப்போருக்கு பாரதிய நியாய சங்கிதையின் 106-ஆம் பிரிவு ஐந்து வருஷம் வரை தண்டனை விதிக்கிறது. தொழில் வல்லுநரைக் குற்றவாளியாக்கச் சாமானியப் பிழை போதாது, அஜாக்கிரதை பாரதூரமானதாக இருக்கவேண்டும் என்று 2005-ல் ஒரு மருத்துவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, மனமாரப் பாடுபடும் எஞ்சினியருக்கும் ஆதரவாக எடுத்துக் காட்டத்தக்கதென்பது என் அபிப்பிராயம். ஆனால் சோதிக்கவில்லை என்று தெரிந்தே ‘சோதித்தாயிற்று’ என்று எழுதுபவர் அந்த ஆதரவைத் தம் கையாலேயே கைவிடுகிறார். ‘மேலதிகாரி சொன்னார், செய்தேன்’ என்பதும் கேடயமாகாது. புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருளுக்குத் துணைபோன வோக்ஸ்வாகன் எஞ்சினியர் ஒருவருக்கு 2017-ல் டெட்ராய்ட் நீதிமன்றம் நாற்பது மாதச் சிறை விதித்தது. நம் பக்கத்திலேயே, 2023 மே 7-ஆம் தேதி தானூரில் படகு கவிழ்ந்து இருபத்திரண்டு உயிர்கள் போனபோது, கைது படகுக்காரரோடு நிற்காமல், அந்தப் படகுக்கு இசைவளித்த அதிகாரிகள் வரை சென்றதைத் தாங்களே அறிவீர்கள்.

எஞ்சினியர்களுக்கும் ஒரு சட்டம் வேண்டும் என்றே நான் கருதுகிறேன். இலங்கை 2017-ல் எஞ்சினியரிங் கவுன்சில் சட்டம் இயற்றி எஞ்சினியர்களைப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டது. லைசென்ஸை ஒரு சுமையென்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். ஆனால் அது ஒரு காப்பும்கூட: கூட்டம் ஏறிய படகை அவிழ்க்கச் சொன்ன முதலாளியிடம், ‘என் சான்றிதழ் போய்விடும்’ என்று ஸ்ராங்கு மறுக்க முடியும். தங்கள் மகனுக்கு அப்படிச் சொல்லப் பற்றுக்கோடு ஏதுமில்லாமல், வேலையை இழப்பதா மனச்சாட்சியை இழப்பதா என்ற இரண்டே வழிகள் எஞ்சுகின்றன. இது அநியாயம்.

சட்டம் வரும்வரை அவன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. எந்தச் சோதனை எந்தத் தேதியில் நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் கையெழுத்திட இயலவில்லை என்பதை மரியாதையான நாலு வரியில் எழுதி ஆபீஸ் மின்னஞ்சலிலேயே மேலதிகாரிக்கு அனுப்பட்டும். கம்பெனியின் ரகசியத் தஸ்தாவேஜு எதையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். வற்புறுத்தினால், தன் கண்ணால் கண்ட சோதனைகளை மட்டும் பெயர் சொல்லிக் குறித்து அதன்கீழ் கையெழுத்திடட்டும். நியமனக் கடிதத்தில், நஷ்டத்தை ஊழியரே ஏற்கவேண்டும் என்ற ஷரத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தக் கடிதத்தோடு இந்த வாரமே எர்ணாகுளத்தில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அவன் அந்தத் தாளில் கை வைக்க வேண்டாம்.