பிள்ளையை வீட்டின் வாயாக்காதே

ஃபிரெஸ்னோ
பிப்ரவரி 2005

அன்புள்ள மகனுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீங்கள் எல்லாரும் செயின்ட் பால் வந்து சேர்ந்ததில் எனக்கு நிம்மதி. தாய்லாந்தின் தாம் க்ராபோக் முகாமில் காசநோய் கண்டு, அமெரிக்காவுக்கு ஆட்களை அனுப்புவதைப் போன மாதம் நிறுத்திவிட்டார்கள். நல்லவேளை, அதற்கு முன்பே புறப்பட்டுவிட்டீர்கள். உங்களில் யாருக்காவது மாத்திரை கொடுத்திருந்தால், இருமல் நின்றதும் பாதியில் விட்டுவிடாதீர்கள். விமானக் கட்டணம் கடன்தான், மாதாமாதம் கட்டிவிடு. வந்து ஓராண்டு ஆனதும் கிரீன் கார்டுக்கு மனுப் போடவேண்டும். இதையெல்லாம் அங்குள்ள நம் ஹ்மோங் குலத்தாரே சொல்வார்கள். நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக.

கரண்ட் பில்லைப் படித்துச் சொல்வதும் வீட்டுக்காரரிடம் பேசுவதும் இப்போது உன் மூத்தவன்தான் என்று போனில் பெருமையாகச் சொன்னாய். எனக்குக் கவலையாக இருக்கிறது. 1975இல் லாவோஸில் நம் படைத்தளமான லாங் செங் விழுந்த பிறகு மீகாங் ஆற்றைக் கடந்த எங்கள் தலைமுறை வீடுகளிலும் இப்படித்தான் தொடங்கியது. டாக்டர் சொன்னதைப் பத்து வயதுப் பையன் பாட்டிக்குச் சொன்னான். பள்ளியிலிருந்து அவன்மேல் வந்த புகாரையும் அவனே அப்பாவுக்குப் படித்துக் காட்டினான். என்ன படித்தானோ, யாருக்குத் தெரியும்? அவனுக்குப் பதினாறு வயதானபோது, 'ராத்திரி வெளியே போகாதே' என்று சொல்ல அப்பாவுக்கு வாய் எழவில்லை. கும்பலில் சேர்ந்து கெட்ட பிள்ளைகளின் தகப்பன்மார் சிலரை இந்த ஊரில் எனக்குத் தெரியும். நல்ல மனிதர்கள், உழைப்பாளிகள்.

அதனால் ஆங்கில மாலை வகுப்பில் நீயே சேர். நம் மொழியை ரோமன் எழுத்தில் எழுதுகிறவன் நீ. எழுத்து பழகியதுதான், ஒலிதான் வேறு. மருத்துவமனைக்குப் போனால், 'ஹ்மோங் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்' என்ற அந்த ஒரு வாக்கியத்தை முதலில் மனப்பாடம் செய். மத்திய அரசின் பணம் வாங்கும் மருத்துவமனை கட்டணமில்லாமல் ஏற்பாடு செய்யவேண்டும், அது சட்டம். உன் அம்மாவின் உடம்பைப் பற்றிப் பேரன் வாயால் பேசவைப்பது அவளுக்கும் கூச்சம், அவனுக்கும் பாரம்.

அவளுக்கு முடியவில்லை என்றால் உயிரை அழைக்கும் சடங்கைத் தாராளமாகச் செய். டாக்டரிடம் மறைக்காதே; சடங்கில் மணிக்கட்டில் கட்டிய நூலை அறுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள். மாத்திரையையும் நிறுத்தாதே.

பனி உருகியதும் அம்மாவுக்குக் கொஞ்சம் நிலம் பிடித்துக் கொடு. செயின்ட் பால் உழவர் சந்தையில் நம்மவர்கள் நிறையப் பேர் கடை போடுகிறார்கள். மிளகாயும் எலுமிச்சைப்புல்லும் வளர்க்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேரனை ஞாயிற்றுக்கிழமை அவளோடு அனுப்பு. அங்கே அவன் அவளிடம் கேட்டுச் செய்யட்டும்.

இன்னொன்று. மகளைச் சின்ன வயதில் கட்டிக்கொடுக்கச் சொல்லிப் பெரியவர்கள் வந்தால் என் பெயரைச் சொல்லி மறுத்துவிடு. 2002இல் மினசோட்டா செனட்டுக்குத் தேர்வான மீ மௌவாவும் லாவோஸில் பிறந்து அகதியாக வந்த பெண்தான்.

வகுப்பு எங்கே, எந்தக் கிழமைகளில் என்று விசாரித்து எழுது. பஸ் செலவுக்குப் பணம் அனுப்புகிறேன்.

உன் பெரியப்பா