நடுவயதில் நர்ஸ் பிராக்டிஷனர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, மருந்து எழுதிக்கொடுக்கும் உரிமை பெற்ற செவிலியர். 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் தொடங்கிய பயிற்சியில் பிறந்த பணி இது. நாற்பதைக் கடந்தபின் வேறு தொழிலை விட்டு இதற்கு வருவோர் அங்கே அபூர்வமல்ல. அவர்களைச் சுற்றி உலவும் நம்பிக்கைகளில் சில பயமுறுத்துபவை, சில ஆசை காட்டுபவை. அதிகக் கெடுதல் செய்பவை இரண்டாம் வகைதான்.

“நாற்பது தாண்டினால் இடம் கிடைக்காது.” கூட்டாட்சி அரசின் நிதி பெறும் கல்வி நிறுவனங்கள் வயதைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்குவதை 1975ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது. ஏற்கெனவே ஏதேனும் ஒரு பட்டம் வைத்திருப்பவர் நான்காண்டு நர்சிங் படிப்பை முதலிலிருந்து படிக்கவும் வேண்டாம். அவர்களுக்கென்றே உள்ள துரிதப் பட்டப்படிப்பு ஒன்று முதல் ஒன்றரை ஆண்டில் முடிந்துவிடும். ஆனால் உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் போன்ற பாடங்களை அதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். இருபது வருடத்துக்கு முன் வாங்கிய மதிப்பெண்களைப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை. 42 வயதில் தொடங்குபவர் இந்தப் பாடங்கள், துரிதப் பட்டம், ஓரிரு ஆண்டு வார்டு வேலை, முதுநிலைப் படிப்பு எல்லாம் முடித்து வெளிவரும்போது 48 ஆகிவிடலாம். அதன் பிறகும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்ய முடியும். உண்மையில் சோதிப்பது உடல்தான். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டும் இரவு டூட்டியும் இருபத்தைந்து வயதுக்காரர் தாங்குவதுபோல் எல்லாருக்கும் தாங்காது.

“நர்ஸாக வேலை பார்க்காமலே நேராகப் போகலாம்.” இது பாதி உண்மை. வேறு துறைப் பட்டதாரிகளை நேரடியாக முதுநிலைக்கு எடுத்துக்கொள்ளும் மூன்றாண்டுப் படிப்புகள் உண்டு. யேல் பல்கலைக்கழகம் 1974இல் அத்தகைய ஒரு படிப்பைத் தொடங்கியது. இத்தகைய படிப்புகளிலும் செவிலியர் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வில் தேறி ஆர்.என். (பதிவு பெற்ற செவிலியர்) உரிமம் பெறாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. வார்டு அனுபவத்தைச் சில படிப்புகள் கட்டாயமாக்குவதில்லை. எனினும் நடுவயதில் வருபவர் அவசரத்தில் இதைத் தவிர்ப்பது நல்ல முடிவல்ல. மானிட்டரில் எண்கள் மாறுவதற்கு முன்பே ஒரு நோயாளியின் நிலை சரிவதை உணரும் கண், கட்டிலருகில் நின்று பழகியவருக்கே வருகிறது.

“எல்லாம் ஆன்லைனில் முடிந்துவிடும்.” வேலையும் குடும்பமும் உள்ளவர்களை அதிகம் ஏமாற்றும் நம்பிக்கை இதுதான். பாடங்களை ஆன்லைனில் படிக்கலாம். நோயாளியை நேரில்தான் பார்க்க வேண்டும். குறைந்தது 500 மணி நேரம் என்றிருந்த நேரடிச் சிகிச்சைப் பயிற்சியை 2022இல் வெளியான தேசியத் தரவிதிகள் 750 மணி நேரமாக உயர்த்தின. பொதுவாக இதற்குச் சம்பளம் கிடையாது. கிளினிக் திறந்திருக்கும் பகல் வேளையில் செய்ய வேண்டியிருப்பதால் பார்க்கும் வேலையின் நேரத்தைக் குறைக்க வேண்டிவரும். இவற்றைவிடப் பெரிய சிக்கல், பயிற்சி தரும் பிரிசெப்டரைத் தேடிப்பிடிக்கும் பொறுப்பைப் பல கல்லூரிகள் மாணவர் தலையிலேயே கட்டிவிடுவது. டஜன் கணக்கில் கிளினிக்குகளுக்கு எழுதியும் பதில் வராமல், பட்டம் ஒரு பருவம் தள்ளிப்போனவர்கள் உண்டு. கையிலிருந்து பணம் கொடுத்து இடம் பிடிப்பவர்களும் உண்டு. கட்டணம் வாங்கிக்கொண்டு பயிற்சி இடத்தை மட்டும் ஏற்பாடு செய்யாத கல்லூரி, தன் கடமையில் பாதியைத்தான் செய்கிறது. பயிற்சி இடத்தைக் கல்லூரியே ஏற்பாடு செய்யுமா என்பதுதான் சேருமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

“உரிமம் கிடைத்தால் யாரையும் பார்க்கலாம்.” உரிமம் ஒரு பிரிவுக்குத்தான்: குடும்ப நலம், வளர்ந்தோரும் முதியோரும், குழந்தைகள், பச்சிளங்குழந்தைகள், மகளிர் நலம், மனநலம். பிரிவு மாற வேண்டுமானால் மறுபடி ஒரு சான்றிதழ்ப் படிப்பும் தேர்வும் வேண்டும். இளையவர் ஒரு முறை தவறாகத் தேர்ந்தாலும் திருத்திக்கொள்ள அவகாசம் இருக்கும். ஐம்பதை நெருங்குபவருக்கு அது அவ்வளவு எளிதல்ல.

“முனைவர் பட்டம் கட்டாயம்.” இல்லை. 2015க்குள் அப்படி ஆக்க வேண்டும் என்று அமெரிக்க நர்சிங் கல்லூரிகளின் சங்கம் 2004இல் பரிந்துரைத்தது, அது சட்டமாகவில்லை. முதுநிலைப் பட்டமே இன்றும் போதும். மயக்க மருந்துச் செவிலியர் பணிதான் முனைவர் நிலைக்கு மாறியிருக்கிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் குழப்பம்.

“மருத்துவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் செய்ய முடியாது.” இது மாநிலத்தைப் பொறுத்தது. வாஷிங்டன், அரிசோனா உள்ளிட்ட பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் சுயமாகச் சிகிச்சையளிக்கலாம். டெக்சஸில் மருந்து எழுத ஒரு மருத்துவருடன் ஒப்பந்தம் வேண்டும். நர்ஸ் பிராக்டிஷனர் தரும் சிகிச்சையின் தரம் குறைவு என்ற சந்தேகத்துக்கு 2000இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒரு பதில். 1,316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆரம்ப நிலைச் சிகிச்சை அளித்தபோது, மருத்துவரிடம் போனவர்களுக்கும் நர்ஸ் பிராக்டிஷனரிடம் போனவர்களுக்கும் ஆறு மாதம் கழித்து உடல்நிலையில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அரிதான, சிக்கலான நோய்களுக்கு இந்த முடிவை நீட்டக் கூடாது.

“சம்பளம் இரட்டிப்பாகும்.” ஆகாது. 2023 மே மாத அரசுக் கணக்குப்படி, ஆர்.என். செவிலியரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 86,070 டாலர், நர்ஸ் பிராக்டிஷனருடையது 1,26,260 டாலர். முதியோருக்கான மெடிகேர் திட்டம் இவர்களுக்குத் தருவது மருத்துவர் கட்டணத்தில் 85 சதவீதமே. படிப்புக் கடனுக்கும் ஓய்வுக்கால நிதிக்கும் ஒரே சமயத்தில் ஒதுக்க வேண்டிய வயதில் இந்தக் கணக்கைத் துல்லியமாகப் போட வேண்டும். பணியாளர் பற்றாக்குறை மிகுந்த இடத்தில் இரண்டாண்டு வேலை செய்பவரின் நர்சிங் கல்விக்கடனில் 60 சதவீதத்தை அரசின் ‘நர்ஸ் கோர்’ திட்டம் அடைக்கிறது, தேர்ந்தெடுக்கப்படுபவர்களுக்கு மட்டும்.

இந்தியாவில் நர்சிங் முடித்து அமெரிக்காவில் குடியேறியவர்களிடையே, பழைய அனுபவமே போதும் என்ற எண்ணமும் உண்டு. சான்றிதழ் மதிப்பீடும் என்கிளெக்ஸும் அவர்களுக்கும் உண்டு. டிப்ளமா மட்டும் படித்தவர், முதுநிலைக்கு முன் இளநிலைப் பட்டத்தை நிறைவு செய்யவோ, இரண்டையும் இணைத்த படிப்பில் சேரவோ வேண்டியிருக்கும்.