பங்கு வீட்டில் ஒரு பங்கு: வாங்கிக் குடியேறலாமா?

கேள்வி: மதுரையில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். காரைக்குடியில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் எட்டில் ஒரு பங்கு விலைக்கு வருகிறது. விற்பவர் சென்னையில் வசிக்கும் ஓர் ஆச்சி, கணவர் காலமாகிவிட்டார். வளவை (உள்முற்றத்தை) ஒட்டிய இரண்டு அறைகளைத் தரகர் திறந்து காட்டி, இதுதான் அவர்கள் பங்கு என்றார். முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி இரண்டு லட்சம் முன்பணமும் கொடுத்துவிட்டேன், பதிவு செய்யவில்லை. மற்ற பங்காளிகள் மலேசியாவிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் இருக்கும் என் மகன், தான் அங்கே புறநகரில் வீடு வாங்கியபோது இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கவில்லை என்கிறான். கிரயம் முடித்து நானும் மனைவியும் குடியேறிவிடலாமா?

பதில்: இப்போதுள்ள நிலையில் கிரயம் செய்யாதீர்கள். பாக்கிப் பணத்தில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஓய்வூதியப் பணத்தை மொத்தமாக ஒரு வழக்கில் முடக்கிவிட்டு நிற்பவர்களை இந்தப் பகுதியில் நிறையப் பார்க்கிறேன். அதனால்தான் முதலிலேயே அழுத்திச் சொல்கிறேன்.

அந்த ஆச்சிக்குப் பங்கு இருந்தால் அதை விற்க உரிமை உண்டு. எட்டில் ஒன்று என்று எழுதிக் கொடுத்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் ஆகிவிடலாம். ஆனால் பதிவானதாலேயே நீங்கள் உள்ளே போய்க் குடியிருக்க முடியாது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 44ஆம் பிரிவைப் பாருங்கள். பிரிபடாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் வெளியார் ஒருவர் பங்கு வாங்கினால், குடும்பத்தாரோடு சேர்ந்து அனுபவிக்கும் உரிமை அவருக்கு இல்லை. பாகம் பிரிக்கச் சொல்லி வழக்குப் போடலாம், அவ்வளவுதான். கிரயம் வாங்கிய கையோடு உள்ளே குடிபோனவர்களைப் பங்காளிகள் தடையுத்தரவு பெற்று வெளியேற்றலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1990இல் தோராப் கவாஸ்ஜி வார்டன் வழக்கில் உறுதி செய்தது.

சரி, பாக வழக்குப் போட்டு அறைகளை வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கே 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம், 4ஆம் பிரிவு குறுக்கே வரும். வெளியார் வழக்குப் போட்டதும், பங்காளிகளில் ஒருவர் ‘அந்தப் பங்கை நானே எடுத்துக்கொள்கிறேன்’ என்று முன்வந்தால், நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு நீங்கள் கொடுத்துவிட வேண்டியதுதான். பல வருடம் அலைந்து, கடைசியில் கையில் பணம் வரும், வீடு வராது.

இந்தப் பிரிவுகளெல்லாம் வீடு பிரிபடாமல் இருந்தால்தான் பொருந்தும். எனவே நீங்கள் முதலில் கேட்க வேண்டியது பாகப் பத்திரம். பழைய பாகப் பத்திரங்களில் வீட்டை அறை அறையாக எழுதியிருப்பார்கள்: வளவின் கீழ்புறம் வடக்கிலிருந்து இரண்டாவது அறை இன்னாருக்கு, அதற்கு மேலுள்ள மாடி இன்னாருக்கு, முகப்பு, வளவு, கிணறு, சாமி அறை, நடைபாதை எல்லாம் பொது. அளவோடும் எல்லையோடும் அப்படிப் பிரித்து, முறையாகப் பதிவும் ஆகியிருந்தால் உங்கள் நிலை பெருமளவு மாறும். பத்திரம் இல்லாமல் ‘எங்கப்பா காலத்துல இருந்து இந்தச் சாவி எங்ககிட்டதான்’ என்பது மட்டும்தான் ஆதாரம் என்றால், அது வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. அதைப் பாகப்பிரிவினை என்று நிரூபிப்பது மிகக் கடினம்.

வில்லங்கச் சான்றை இணையத்தில் எடுத்ததோடு நிறுத்திவிடாதீர்கள். இந்த வீடுகளின் தாய்ப் பத்திரங்கள் மிகப் பழையவை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய புத்தகங்களைத் தேடித்தரச் சொல்லி மனுப் போடுங்கள். சிவகங்கை மாவட்டம் 1985இல்தான் பிரிந்தது என்பதால் அதற்கு முந்தைய பத்திரங்களில் பெரும்பாலும் இராமநாதபுரம் ஜில்லா என்றுதான் இருக்கும். வீட்டுவரி ரசீது யார் பெயரில் இருந்தாலும் அது உரிமைப் பத்திரம் ஆகாது.

அடுத்து, எட்டில் ஒன்று என்ற கணக்கே சரிதானா? ஆச்சியின் கணவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால் அவருடைய பங்கு ஆச்சிக்கு மட்டும் வராது. மகன்கள், மகள்கள், அவருடைய தாயார் உயிரோடு இருந்தால் அந்தப் பெரிய ஆச்சி, எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள். அவர்களில் ஒருவர் தன் பங்கை விற்க நினைத்தால், மற்றவர்கள் அதை முன்னுரிமையோடு கேட்க இந்து வாரிசுரிமைச் சட்டம் 22ஆம் பிரிவு இடம் தருகிறது. ‘பெண் பிள்ளைகளுக்குச் சீர் செய்தாயிற்று, அவர்களுக்குப் பங்கில்லை’ என்ற பேச்சை நம்பவே நம்பாதீர்கள். 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கும், 2020இல் வினீதா சர்மா வழக்கில் வந்த தீர்ப்புக்கும் பிறகு, பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனைப் போலவே உரிமை உண்டு. திருமணமாகி எத்தனை வருடம் ஆனாலும் சரி. 20.12.2004க்கு முன்பே முறைப்படி முடிந்த விற்பனையும் பாகப்பிரிவினையும் இதற்கு விலக்கு. சீர்வரிசையைக் காட்டி மகள்களை விட்டுவிட்டு எழுதும் பத்திரம் அநியாயமானது. வாங்குகிறவருக்கும் அது ஆபத்து.

செட்டிநாட்டில் கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொன்று, பிள்ளை கூட்டிய, அதாவது சுவீகாரம் எடுத்த, விவரம். சுவீகாரம் போன பிள்ளைக்கு அதன்பின் பிறந்த வீட்டில் வாரிசுரிமை இல்லை, போன வீட்டில் முழு உரிமை உண்டு. போவதற்கு முன்பே அவர் பெயருக்கு வந்துவிட்ட சொத்து அவரோடு போகும். இந்த ஒரு தகவல் விடுபட்டால் பங்குக் கணக்கு முழுவதும் மாறிவிடும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றோடு, அந்தக் குடும்பம் நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் எதைச் சேர்ந்ததோ அங்குள்ள புள்ளிக் கணக்கையும் (கோயிலில் பதிவான குடும்பங்களின் கணக்கு) விசாரியுங்கள். நீதிமன்றத்தில் அது வாரிசுச் சான்றுக்கு ஈடாகாது. ஆனால் விடுபட்ட பங்காளியைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கட்டிக்கொடுத்த பெண்கள் கணவர் வீட்டுக் கோயிலுக்குப் போய்விடுவதால், அவர்களைத் தனியாகத்தான் விசாரிக்க வேண்டும்.

உங்கள் மகன் சொல்வது அங்கே பொருந்தும். இங்கிலாந்தில் நில உரிமைப் பதிவேட்டுக்கு அரசு பொறுப்பேற்கிறது. அதில் பிழை நேர்ந்து நட்டம் வந்தால் இழப்பீடும் உண்டு. 1925ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு வீட்டுக்கு நான்கு பேருக்கு மேல் சட்டப்பூர்வ உரிமையாளராக இருக்க முடியாது. அதற்கு மேல் எத்தனை பேருக்குப் பங்கு இருந்தாலும், பதிவில் உள்ள இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ சேர்ந்து விற்றுப் பணம் பெற்றால், மற்றவர்கள் அந்தப் பணத்தில் பங்கு கேட்கலாமே தவிர, பொதுவாக வாங்கியவரின் வீட்டைக் கேட்க முடியாது. நம் ஊரில் பத்திரம்தான் பதிவாகிறது. எழுதிக் கொடுத்தவருக்கு உண்மையில் உரிமை இருந்ததா என்பதற்கு அரசு உத்தரவாதம் தருவதில்லை. அதைத் தேடிப் பார்க்கும் சுமை வாங்குகிறவர் தலையில்தான்.

வழியே இல்லை என்று சொல்லவில்லை. பங்காளிகள் எல்லாரும் கூடி முதலில் பாகப் பத்திரம் பதிவு செய்யட்டும்; அதன்பின் அந்த இரண்டு அறைகளை, பொது இடங்களில் உள்ள உரிமையோடு நீங்கள் வாங்குங்கள். அல்லது எல்லாரும் உங்கள் கிரயத்தில் சம்மதித்துக் கையெழுத்திட்டு, இந்த அறைகளில் நீங்கள் குடியிருப்பதை ஏற்பதாக அந்தப் பத்திரத்திலேயே எழுதட்டும். மலேசியாவில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்போ பவர் பத்திரம் எழுதி அனுப்பலாம். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். எழுதியவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவர் செல்லாது என்பதால், கிரயத்தன்று அவர் உயிரோடு இருப்பதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டில் வசிப்பவருக்கு விலையில் பங்கு போகிறதென்றால், அதில் வருமான வரியைப் பிடித்துக் கட்டும் பொறுப்பு உங்களுடையது. கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படி வாங்கினாலும் குடியிருப்பது எப்படி இருக்கும் என்பதை உங்கள் மனைவியோடு பேசிவிடுங்கள். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் பங்காளிகள் திரண்டு வருவார்கள். வளவும் சாமி அறையும் அன்று அவர்களுடையது. ஓடு மாற்ற, கழிப்பறை கட்ட, பொதுச் சுவரில் கை வைக்க எல்லார் சம்மதமும் வேண்டும். யார் எதற்கு எவ்வளவு செலவு போடுவது என்பதையும் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பர்மா தேக்குத் தூணையோ நிலைக்கதவையோ யாராவது பெயர்த்து விற்க முயன்றால் உடனே தடையுத்தரவு கேளுங்கள். பொதுச் சொத்தில் தனியாக யாரும் அதைச் செய்ய முடியாது.

முன்பணத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். உங்களுடையது பதிவாகாதது, ஆனாலும் பணம் கொடுத்ததற்கு வங்கிக் கணக்கும் ரசீதும் பேசும். உரிமையில் உள்ள குறையை வாங்குகிறவரிடம் மறைக்கக் கூடாது என்பது விற்பவரின் கடமை. எல்லாப் பங்காளிகளின் சம்மதத்தையும் பெற்றுத் தரும்படியும், இல்லையேல் இரண்டு லட்சத்தைத் திருப்பித் தரும்படியும் ஆச்சிக்கு வழக்கறிஞர் மூலம் விரைவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். பணத்துக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் என்று வைத்துக்கொண்டு, ஒப்பந்தத் தேதியிலிருந்தே எண்ணுங்கள். தரகர் அவசரப்படுத்தினால் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டு, சென்னைக்கு நேரில் போய் ஆச்சியைப் பாருங்கள். அவருக்கு மகள்கள் இருந்தால் அவர்களும் உடனிருக்கும் நாளாகப் பார்த்துப் போவது நல்லது.